கெட்ட நேரம் இல்லை

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்று பதினேழு அழைப்புகள். பல்வலி இரண்டு, பிரசவ வார்டு ஒன்று, மீதி எல்லாம் முழங்கால்.

என் வேலை என்னவென்று அப்பாவுக்கு மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். "டாக்டருக்குத் தமிழ் தெரியாது, நோயாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. ரெண்டு பேரும் போன்ல பேசுவாங்க. நடுவுல நான் இருந்து அவங்க சொல்றத இவங்களுக்கும் இவங்க சொல்றத அவங்களுக்கும் சொல்லுவேன்."

அப்பா ஷூவைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். "அப்ப நீ இருக்கணும், ஆனா இருக்கற மாதிரியே தெரியக் கூடாது. நம்ம ரொட்டி வேன் மாதிரிதான். ரொட்டி வந்துச்சான்னு கேப்பாங்க. ஓட்டிட்டு வந்தவன யாரு கேக்கறா?"

பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லிமுடிக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள்.

ப்ரொபேஷன் முடிய இன்னும் பத்து நாள். இந்த வீட்டில் முதல் பட்டம் என்னுடையது, முதல் மாதச் சம்பளமும் என்னுடையது. அம்மா என் அடையாள அட்டையைத் துணி துவைக்கும்போதெல்லாம் தனியாக எடுத்துத் துடைத்து வைக்கிறாள். அதைத் திருப்பிக் கொடுக்கிற நிலைமை மட்டும் வரக் கூடாது.

செப்டம்பர் 5, வியாழன்

மேடம் கூப்பிட்டார். தமிழ்ப் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பு. அவரும் ஒரு காலத்தில் என் மாதிரி ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தவர்தான். அறைக்குள் ஆங்கிலம் மட்டுமே பேசுவார். கோபம் வந்தால் தமிழ்.

இன்று தமிழ்.

போன வாரப் பதிவு ஒன்றை ஓடவிட்டார். டாக்டர், ‘அட் யுவர் கன்வீனியன்ஸ்’ வந்து பாருங்கள் என்கிறார். உங்களுக்கு வசதிப்படும்போது. அதற்குப் பிறகு என் குரல்: "சீக்கிரமா வந்து பாருங்க." அந்த ஆள் பயந்துபோய் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மறுநாளே போய் நின்றிருக்கிறார். ஒன்றுமில்லை, சாதாரண ஊசி. புகார் எழுதிவிட்டார்.

"சீக்கிரம்னு யாரு சொன்னது? டாக்டரா, நீயா?"

"நான்தான் மேடம்."

"அவசரத்த நீ உன் பையிலேருந்து எடுத்துப் போடாத. அவங்க என்ன வெச்சாங்களோ அத மட்டும் தூக்கிட்டுப் போய் வை."

தலையாட்டினேன். கதவுக்கு வெளியே வந்த பிறகுதான் "சரி மேடம்" என்ற சொல்லே வாயில் வந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான்.

இதற்குத்தான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். அழைப்பில் கேட்ட பெயர், வியாதி எதையும் அலுவலகத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. குறிப்பெடுத்த தாளை எல்லாம் சாயங்காலம் அரைக்கிற இயந்திரத்தில் போட்டுவிட வேண்டும். ஆனால் சொற்றொடர்களை எழுதி வைத்துக்கொள்ளலாம். என் நோட்டில் பாதிக்கு மேல் நேரம்தான். ‘குட் டைமிங்’. ‘பேட் டைம்’. ‘பெர்ஃபெக்ட் டைமிங்’. ‘இன் த நிக் ஆஃப் டைம்’ — மயிரிழையில் தப்பியது போல. ‘அபௌட் டைம்’ — வந்துவிட்டாயா என்பது போலவும், இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்பது போலவும்.

முக்கியமாக, ‘இஸ் திஸ் எ பேட் டைம்?’ டாக்டர்கள் போனை எடுத்தால் முதலில் கேட்பது இதைத்தான். சேர்ந்த புதிதில், "இது கெட்ட நேரமா?" என்று அப்படியே கேட்டு வைத்தேன். அந்த அம்மாள், "ஐயையோ, ரிப்போர்ட்ல என்ன வந்திருக்கு?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு "இப்ப பேசலாமா?" என்றுதான் கேட்கிறேன். அதற்கு மேடம் ஒன்றும் சொல்லவில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று எங்கேயாவது எழுதி வைத்திருந்தால் நன்றாக இருக்கும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

சாப்பிட உட்காரும்போது மாமா வந்தார். அம்மா, "நல்ல நேரத்துல வந்தண்ணா, உக்காரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அம்மா தரையைத் துடைத்து முடித்த கையோடு அப்பா சேற்றுச் செருப்போடு உள்ளே வந்தார். "நல்ல நேரம் பாத்து வந்தீங்க." அப்பா அப்படியே பின்னால் நடந்து வெளியே போனார்.

கிட்டத்தட்ட ஒரே சொற்கள்தான். ஒன்று வரவேற்பு, ஒன்று வசவு. யாரும் குழம்பவில்லை. ராகம் சொல்லிவிடுகிறது. ஆங்கில டாக்டர்களுக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே ராகம்.

செப்டம்பர் 9, திங்கள்

இன்று நன்றாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். எழுதி வைக்கிறேன்.

மருத்துவமனை வார்டிலிருந்து ஓர் அழைப்பு. டாக்டரும் ஒரு பெரியவரும் ஒரே அறையில், போன் நடுவில். படுக்கையில் இருப்பது பெரியவரின் மனைவி. போன வாரத்தைவிடச் சோர்வாக இருக்கிறார், வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றார் டாக்டர். பிறகு, மகள் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். ரெண்டு விமானம் மாறி வரணும் என்றார் பெரியவர்.

டாக்டர் சொன்னார்: மகளை வரச் சொல்ல இது ‘நாட் எ பேட் டைம்’.

என் பையிலிருந்து எதையும் எடுத்துப் போடவில்லை. அவர் வைத்ததை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். "உங்க மகள வரச் சொல்றதுக்கு இது ஒண்ணும் கெட்ட நேரம் இல்ல."

பெரியவர் பெருமூச்சு விட்டார். "வயித்துல பால வாத்தீங்க டாக்டர்." நிம்மதியாக இருக்கிறது, நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

டாக்டர் இரண்டு நொடி பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று போன் விளக்கைப் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது. பிறகு டாக்டர், "டேக் கேர்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

நோட்டில் ஏற்றியாயிற்று: நாட் எ பேட் டைம் — கெட்ட நேரம் இல்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

முழங்கால், முழங்கால், காது, முழங்கால்.

செப்டம்பர் 11, புதன்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலை பதினொரு மணி இருக்கும். பக்கத்து மேசையில் ரேடியோ. வாய் மூடாது என்பதால் அந்தப் பெயர். மாத அறிக்கையை மூன்று நாளாக முடிக்காமல் வைத்திருந்தாள். மேடம் கையில் காபியோடு எங்களைத் தாண்டிப் போகும்போது, நின்றுகூடப் பார்க்காமல், சிரித்த முகத்தோடு, அந்த அறிக்கையை முடிக்க இது ‘நாட் எ பேட் டைம்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

ரேடியோ கடித்துக்கொண்டிருந்த பிஸ்கட்டை அப்படியே வைத்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி இப்படிப் பதறுற? கெட்ட நேரம் இல்லன்னுதானே சொன்னாங்க?"

"லூசு. அவங்க அப்படிச் சொன்னா ‘இப்பவே முடி’ன்னு அர்த்தம். அடுத்த தடவ இந்தச் சிரிப்பு இருக்காது."

"எப்பவுமா?"

"எப்பவுமேதான். இங்கிலீஷ்காரங்க ரொம்ப அவசரம்னா ரொம்ப மெதுவாச் சொல்லுவாங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? என் வீட்டில் அவசரம் என்றால் கத்துவார்கள். ஆங்கிலத்தை நான் புத்தகத்திலிருந்து எடுத்தேன். ஒரு பரீட்சையிலும் இது வரவில்லை.

அந்த இரண்டு நொடி. லைன் போகவில்லை. டாக்டர் திகைத்து நின்றிருக்கிறார். மகளைக் கூப்பிடுங்கள் என்று சொல்கிறேன், நிம்மதியாக இருக்கிறது என்கிறாரே என்று.

மகள் வரவில்லை என்றால்? நான் சொன்னது தப்பு என்று யாருக்கும் தெரியாது. சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருக்கிறது. பதிவைக் கேட்டால் மேடம்கூட மதிப்பெண் போடுவார். வெள்ளிக்கிழமை ப்ரொபேஷன் முடிகிறது.

இதையெல்லாம் நினைத்தேன். நினைக்கவே இல்லை என்று எழுதினால் பொய்.

எழுந்து மேடம் அறைப் பக்கம் போனேன். போனில் இருந்தார். திரும்பி வந்தேன். அப்புறம் சாப்பாட்டு நேரம். அப்புறம் யாரோ இரண்டு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே. இடையில் நான்கு அழைப்புகள், என்ன சொன்னேன் என்றே நினைவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி அந்தக் கதவை ஆறு தடவை கடந்து போனேன். நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்! நேரத்தை வைத்தே ஒரு தப்பைச் செய்துவிட்டு, அதைச் சொல்ல நல்ல நேரம் தேடுகிறேனே, எனக்கு வெட்கமாக இல்லையா?

நாலு மணிக்குக் கதவைத் தட்டினேன். வாயில் வந்தது, ‘இஸ் திஸ் எ பேட் டைம்?’

மேடம் நிமிரவில்லை. ‘ஆஸ் குட் ஆஸ் எனி.’ எந்த நேரமும் ஒன்றுதான், சொல்லு என்று அர்த்தம். இப்போது நோட்டில் ஏற்ற நேரமில்லை.

சொன்னேன். ஒரே மூச்சில், நின்றுகொண்டே, இங்கிலீஷா தமிழா என்றுகூடத் தெரியாமல்.

மேடம் பேனாவை மூடினார்.

"எப்ப?"

"திங்கக்கிழமை."

"இன்னிக்குப் புதன்."

"ஆமா மேடம்."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"பதினொரு மணிக்கு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

அழைப்புப் பதிவில் தேடி வார்டு எண்ணை எடுத்து அவரே டயல் செய்தார். டாக்டர் அறுவை சிகிச்சையில். ஒரு நர்ஸ் வந்தார். பெரியவர் படுக்கைப் பக்கத்தில்தான் இருக்கிறார் என்றார். மேடம் ஹெட்செட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க பேசுங்க மேடம்."

"சொன்னது நீ. திருத்த வேண்டியதும் நீதான். உக்காரு."

நர்ஸ் நல்லவர். டாக்டர் சொல்ல வேண்டியதை நான் சொல்ல முடியாது, ஆனால் டாக்டர் திங்கட்கிழமை குறிப்பேட்டில் ‘மகளை உடனே வரவழைக்கச் சொல்லியாயிற்று’ என்று எழுதியிருக்கிறார் என்றார். என் அம்மாவாக இருந்தால் நான் இன்றே கிளம்புவேன் என்றார்.

அதை அப்படியே தமிழில் சொன்னேன். நர்ஸ் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். "எங்கம்மாவா இருந்தா நான் இன்னிக்கே கிளம்புவேன்."

பெரியவர் கேட்டார்: "அன்னிக்கு அவசரம் இல்லாத மாதிரிதானே சொன்னீங்க? பேரப்பிள்ளைங்களுக்குப் பரீட்ச. முடிச்சுட்டு மாசக் கடசில வாம்மான்னு சொல்லிட்டேனே."

எதையும் விடக் கூடாது என்பது விதி. ஆங்கிலத்தில் சொன்னேன்: அவசரம் இல்லாத மாதிரிதான் அன்று சொன்னீர்கள்.

நர்ஸ் குரல் மாறியது. நாங்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

அதையும் நான்தான் அவரிடம் சொல்ல வேண்டும். "நாங்க யாரும் அப்படிச் சொல்லல." பெரியவர், "அப்ப நான் பொய் சொல்றனா?" என்கிறார். அதையும் ஆங்கிலத்தில்! என் தப்புக்கு இரண்டு நல்ல மனிதர்கள் சண்டை போடுகிறார்கள், இரண்டு பேர் குரலும் என் குரல்.

பயிற்சியில் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பவர் தன் பேச்சைப் பேசலாம், ‘மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்’ என்று அறிவித்துவிட்டு. இந்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட நான் அதைச் செய்ததில்லை. குறுக்கே பேச எனக்கு வராது. கல்லூரியில் "உள்ளேன்" சொல்லவே கை தூக்கினால் போதுமா என்று பார்த்தவள் நான்.

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். "மொழிபெயர்ப்பாளர் பேசறேங்க. டாக்டர் சரியாத்தான் சொன்னாங்க. நீங்க கேட்டதும் சரிதான். நடுவுல நான் தப்பாச் சொல்லிட்டேன். தப்பு என்னுது. இப்பவே உங்க மகளக் கூப்பிடுங்க ஐயா."

பெரியவர் திட்டவில்லை. "இது இவங்க போன், என் போன் எங்க, என் கண்ணாடி எங்க" என்று தேடுகிற சத்தம். பிறகு நர்ஸ் லைனை வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் இருக்கும் அம்மாள் என்னையே பார்க்கிறார். அழவில்லை, மூக்குதான் ஒழுகுகிறது.

செப்டம்பர் 12, வியாழன்

செய்தி இல்லை. நாமாகக் கேட்கக் கூடாது என்பதும் விதி.

செப்டம்பர் 13, வெள்ளி

ப்ரொபேஷன் படிவம். மேடம் என் முன்னாலேயே நிரப்பினார். ‘பிழைகள்’ என்ற கட்டத்தில் நான்கு வரி எழுதினார். அதற்குக் கீழே, ‘தானாக முன்வந்து தெரிவித்தார்’. அதற்குக் கீழே, ‘ஐந்து மணி நேரத் தாமதத்துக்குப் பின்’. இரண்டும் உண்மை.

"நான்தான் உன்ன ரொம்ப இறுக்கிட்டேனோ?" என்றார், படிவத்தைப் பார்த்தபடியே. என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள், "போ, அழைப்பு வருது" என்றார்.

நிரந்தரம் இல்லை. இன்னும் மூன்று மாதம் நீட்டித்திருக்கிறார்கள்.

வீட்டில் சொன்னேன். "நீட்டிச்சது நல்லதா கெட்டதா?" என்று அப்பா கேட்டார். தெரியலப்பா என்றேன். "அட்டை உங்கிட்டத்தானே இருக்கு?" இருக்கு என்றேன். "அப்ப சாப்பிடு."

எல்லாவற்றையும் சொல்லவில்லை. ஒருவரின் மரணப் படுக்கையைப் பற்றி வீட்டில் எப்படிச் சொல்வது? அம்மா மட்டும் நான் தட்டில் கோலம் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பர் 16, திங்கள்

காலையில் என் விசைப்பலகை மேல் மஞ்சள் சீட்டு. மேடம் கையெழுத்து. ‘மகள்: வெள்ளி மதியம். அம்மா: ஞாயிறு காலை.’

அவ்வளவுதான். அதைச் சொல்லவே அவர் விதியைக் கொஞ்சம் வளைத்திருக்க வேண்டும்.

மகள் வந்த வெள்ளி மதியத்திலிருந்து அம்மா போன ஞாயிறு காலை வரை. விரல் விட்டு எண்ணினேன். நாற்பது மணி நேரம் இருக்கலாம். பதினொரு மணிக்கே கதவைத் தட்டியிருந்தால் முந்தின விமானம் கிடைத்திருக்குமோ? நாற்பத்தைந்து ஆகியிருக்குமோ? மாசக் கடைசி என்றே விட்டிருந்தால் ஒன்றுமே இல்லை.

இரண்டு கணக்கையும் ஒன்றாக வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒன்று மற்றதை அழிக்காது.

சீட்டை இயந்திரத்தில் போட்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நோட்டில் பழைய வரியை அடிக்காமல் அதற்குக் கீழே எழுதினேன்: நாட் எ பேட் டைம் — இப்போதே. சந்தேகம் இருந்தால், கேள்.

ரேடியோ எட்டிப் பார்த்து, "நான் சொன்னதுன்னு பேர் போட்டுக்கோடி" என்றாள். போட்டேன். விதிப்படி, ரேடியோ என்று மட்டும்.

அக்டோபர் 2, புதன்

இன்று முதல் தடவை ஒரு டாக்டரை நிறுத்திக் கேட்டேன். ‘இன் டியூ கோர்ஸ்’ என்றார், உரிய காலத்தில். "மொழிபெயர்ப்பாளர் கேட்கிறேன்: அது எத்தனை நாள்?" டாக்டர் எரிச்சலாக, ஆறு வாரம் என்றார். என் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்த பெண், "அப்பாடா, இத யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க" என்றாள்.

அதையும் டாக்டரிடம் சொன்னேன். விதி.

அக்டோபர் 15, செவ்வாய்

மதியம் ஓர் அழைப்பு. சிறிய கிளினிக். ரத்த அழுத்த மாத்திரை. டாக்டர் இளம் பெண், வேகமாகப் பேசுகிறவர். மாத்திரையை மாற்றியிருக்கிறேன், பெரிய அவசரம் ஒன்றும் இல்லை, ‘சம்டைம் சூன்’, சீக்கிரத்தில் ஒரு நாள், வந்து ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் நல்லது என்றார்.

"மொழிபெயர்ப்பாளர் கேட்கிறேன், டாக்டர். எந்த நாளுக்குள்?"

தட்டச்சு செய்யும் சத்தம் நின்றது. "ஓ. வெள்ளிக்கிழமைக்குள். அடுத்த வாரம் வரை போக வேண்டாம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து ரத்தம் குடுத்துடுங்க. அடுத்த வாரம்னு தள்ளிப் போடாதீங்க."

மறுமுனையில் பதில் இல்லை. விளக்கைப் பார்த்தேன், பச்சை. இந்தத் தடவை லைனைச் சந்தேகப்படவில்லை. காத்திருந்தேன்.

"ஏம்மா," என்றார் அந்தக் குரல். "அன்னிக்குத் தப்பு என்னுதுன்னு சொன்ன பொண்ணு நீதானே?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எதையும் விடக் கூடாது. டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: அன்று தவறு என்னுடையது என்று சொன்ன பெண் நீதானே?

டாக்டர் குழம்பி, "எந்தப் பெண்?" என்றார்.

"எந்தப் பொண்ணு?" என்று நான் பெரியவரைக் கேட்டேன்.

அவர் சிரித்தார். சின்னதாக, மூக்கால். "பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்? சொல்லும்மா அவங்ககிட்ட. என் மக வந்துட்டா. ரெண்டு நாள் பக்கத்துலயே இருந்தா. அவங்கம்மா கடசியா ரெண்டு வாய் தண்ணி குடிச்சது அவ கையாலதான். இத அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லணும்னு இருந்தேன். எங்க போய்த் தேடறது?"

சொன்னேன். அவர் ‘என் மகள்’ என்றதை நானும் ‘என் மகள்’ என்றே சொன்னேன். அவர் ‘அந்தப் பெண்’ என்றதை நானும் ‘அந்தப் பெண்’ என்றே சொன்னேன். குரல் ஒரே ஓர் இடத்தில் தடுக்கியது, தண்ணீரில்.

டாக்டர், மெதுவாக, மகள் சரியான நேரத்தில் வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி என்றார்.

அதை எப்படிச் சொல்வது என்று ஒரு நொடி யோசித்தேன். எது சரியான நேரம்? "உங்க மக வந்து சேந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம்" என்றேன். ‘நேரம்’ என்ற சொல்லை விட்டுவிட்டேன். மேடம் பதிவைக் கேட்டால் கேட்கட்டும். கேட்டால் நானே போய்ச் சொல்கிறேன், காலையிலேயே.

"சரிம்மா," என்றார் பெரியவர். "வெள்ளிக்கிழமைன்னு எழுதிக்கறேன். கண்ணாடி எங்க வச்சேன்னுதான் தெரியல."

அதையும் டாக்டரிடம் சொன்னேன்.